கிழக்குக் கரையிலிருந்து மும்பை: துறைமுக நகரைச் சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பைக்குச் சுற்றுலா வருபவர்களில் பெரும்பாலோர் நகரத்தின் மேற்குக் கரையை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மரைன் டிரைவ், ஹாஜி அலி, ஜுஹு, பாந்த்ரா என அவர்கள் பார்க்கும் இடங்கள் எல்லாம் அரபிக் கடலை நோக்கியவை. இந்த நகரத்தை நகரமாக்கியதோ அதன் கிழக்குப் பக்கம்தான். தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளை மும்பைத் தீபகற்பமே குறுக்கே நின்று தடுத்துவிடுவதால், அதற்கும் கொங்கண நிலப்பகுதிக்கும் இடையில் ஆழமான, அமைதியான இயற்கைத் துறைமுகம் ஒன்று அமைந்திருக்கிறது. 1661இல் போர்த்துகீசிய இளவரசி கேத்தரினின் திருமணத்தையொட்டி ஆங்கில மன்னர் இரண்டாம் சார்லஸுக்குச் சீதனமாகத் தரப்பட்ட ஏழு சிறு தீவுகளை, 1668இல் ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டதற்குக் காரணம் இந்தத் துறைமுகம்தான். பருத்தி, ரயில், ஆலைகள், வங்கிகள், அரண்மனை போன்ற கட்டடங்கள் எல்லாம் அதன் பின்னால் வந்தவை.

ஆகவே கிழக்குக் கரையில் தொடங்கி, துறைமுகம் எப்படி நகரமாக விரிந்ததோ அந்த வரிசையிலேயே பார்க்கும்படி இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன். முழுமையாகப் பார்க்க நான்கு நாள்கள் தேவை. இரண்டு நாள்கள்தான் இருக்கின்றன என்றால் முதல் இரண்டு நாள்களின் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் மும்பையின் முதுகெலும்பைப் பார்த்துவிடலாம்.

புறப்படுவதற்கு முன்

முதலில் கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எலிஃபண்டா குகைகளுக்கும் கான்ஹேரி குகைகள் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. பைகுல்லாவில் உள்ள டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. எனவே செவ்வாய்க்கிழமை எலிஃபண்டாவில் தொடங்கி, புதன் அன்று ஃபோர்ட் பகுதி, வியாழன் அன்று மீன்துறையும் பைகுல்லாவும், வெள்ளியன்று கான்ஹேரி என்று வைத்துக்கொண்டால் எந்த வாசலிலும் பூட்டைப் பார்க்க நேராது. வார இறுதியின் நெரிசலும் இருக்காது.

காலம் என்று பார்த்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை சாதாரணமானதல்ல. கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாள்களில் எலிஃபண்டா படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடையும் இருப்பதால் மீன்துறை ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கும். கான்ஹேரிக்கு மட்டும் மழைக்காலம் தனி அழகு தரும்.

தமிழ்நாட்டிலிருந்து சென்னை, நாகர்கோவில் உள்ளிட்ட ஊர்களிலிருந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸுக்கே நேரடி ரயில்கள் உள்ளன. சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள் பயணம். இந்த நிலையத்தைச் சுருக்கமாக சிஎஸ்எம்டி என்பார்கள். அங்கே வந்து இறங்குவதே துறைமுக நகருக்குள் நுழையும் சரியான வழி என்பது என் கருத்து. விமானத்தில் வருபவர்களுக்கு மெட்ரோவின் மூன்றாம் தடம் பெரிய வரப்பிரசாதம்: ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை சுமார் 33 கிலோமீட்டர் சுரங்கப்பாதையில் ஓடும் இந்தத் தடம், 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, விமான நிலையத்திலிருந்து சிஎஸ்எம்டி, சர்ச்கேட் பகுதிகளுக்குச் சாலை நெரிசலில் சிக்காமல் வந்துவிட முடிகிறது.

தங்குவதற்குக் கொலாபா, ஃபோர்ட், பாலார்ட் எஸ்டேட் ஆகிய பகுதிகளில் இடம் பாருங்கள். அந்தேரியிலோ பாந்த்ராவிலோ அறை வாடகை சற்றுக் குறையலாம். ஆனால் முதல் மூன்று நாள்களில் பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் தெற்கு முனையில் இருப்பதால், மிச்சமாகும் பணம் பயண நேரத்தில் போய்விடும். உள்ளூர் ரயிலில் காலை 8 முதல் 11 வரை தெற்கு நோக்கியும், மாலை 5.30 முதல் 8.30 வரை வடக்கு நோக்கியும் போகும் வண்டிகளில், குழந்தைகளோடும் பெட்டிகளோடும் ஏற முயல வேண்டாம்.

முதல் நாள்: கேட்வேயிலிருந்து எலிஃபண்டா

காலை 8.30 மணிக்குள் கேட்வே ஆஃப் இந்தியாவில் இருங்கள். பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை அதற்குப் பிறகு நீளும். 26 மீட்டர் உயரமுள்ள இந்தக் கருங்கல் வளைவை வடிவமைத்தவர் ஜார்ஜ் விட்டெட். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இங்கே கரையிறங்கியபோது அட்டையால் செய்த வளைவுதான் நின்றது. கல் வளைவு முடிந்து திறக்கப்பட்டது 1924இல். அரச வருகையின் நினைவாகக் கட்டப்பட்ட அதே வளைவின் வழியாகத்தான் 1948 பிப்ரவரி 28 அன்று சாமர்செட் காலாட்படையினர், இந்தியாவை விட்டுச் சென்ற கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவாக, அணிவகுத்துக் கப்பலேறினார்கள். பின்னால் நிற்பது 1903இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா திறந்த தாஜ் ஹோட்டல். 2008 நவம்பர் தாக்குதலை நடத்தியவர்களும் கடல் வழியாகவே வந்தார்கள் என்பதால், இங்கே காவல் கடுமையாக இருப்பதில் வியப்பில்லை.

எலிஃபண்டா படகுகள் காலை 9 மணியளவில் புறப்படத் தொடங்கும். பிற்பகலில் செல்லும் கடைசிப் படகை நம்பித் திட்டமிட வேண்டாம். முதல் படகையோ இரண்டாவதையோ பிடித்துவிடுங்கள். படகில் ஏறியதும் உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்ளுங்கள். 2024 டிசம்பர் 18 அன்று இதே வழியில் சென்ற பயணிகள் படகு ஒன்றின் மீது கடற்படையின் வேகப்படகு மோதிப் பலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு விதி கடுமையாக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அணியவில்லை என்பதற்காக நாமும் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது.

சுமார் 10 கிலோமீட்டர் தொலைவை ஒரு மணி நேரத்தில் கடக்கும் இந்தப் பயணத்தைக் குகைக்குச் செல்லும் வழி என்று மட்டும் எண்ண வேண்டாம். துறைமுகத்தை அதன் நடுவிலிருந்து பார்ப்பதற்குப் பொதுமக்களுக்குக் கிடைக்கும் மிக எளிய வாய்ப்பு இது. புறப்பட்டதும் கரைப்பக்கம் கடற்படைத் தளமும் அதன் சாம்பல்நிறக் கப்பல்களும் தெரியும். அவற்றைப் படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பார்சி இனத்தைச் சேர்ந்த வாடியா குடும்பத்தினர் 1736 முதல் கப்பல் கட்டிய தளம் அங்கேதான் இருக்கிறது. மலபார்த் தேக்கில் அவர்கள் கட்டி 1817இல் நீரில் இறக்கிய ஒரு போர்க்கப்பலுக்கு ‘டிரிங்கோமலி’ என்று நம் திருகோணமலையின் பெயர் சூட்டப்பட்டது. 200 ஆண்டுகளைக் கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. படகு மேலும் செல்லும்போது எண்ணெய்க் கப்பல்கள் அணையும் ஜவஹர் தீவும், எதிர்க்கரையில் 1989இல் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் கண்ணுக்கு வரும். இன்று சரக்குப் பெட்டகங்கள் அங்கேதான் இறங்குகின்றன. பழைய மும்பைத் துறைமுகத்தின் சுமை குறைந்து, அதன் கிழக்குக் கரை அமைதியாகிவிட்டதற்கு அதுவே காரணம்.

தீவின் உள்ளூர்ப் பெயர் கராபுரி. இறங்குதுறையிலிருந்து படிக்கட்டின் அடிவாரம் வரை ஒரு சிறு ரயில் ஓடுகிறது, நடந்தும் போகலாம். அதன் பிறகு ஏறக்குறைய 120 படிகள். இரு பக்கமும் கடைகளும் குரங்குகளும் இருப்பதால் கையில் திறந்த தின்பண்டம் வேண்டாம். மேலே தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய். ஊர் பஞ்சாயத்து தனியாக ஒரு சிறு கட்டணம் வாங்கும்.

முதல் குகைக்குள் நுழைந்ததும் நேரே நடுச்சிற்பத்தை நோக்கி ஓடாமல், வாசல் மண்டபத்திலேயே சற்று நின்று கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருங்கள். ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதும் இந்தக் குகை மூன்று பக்கங்களில் திறந்திருப்பதால், வெளிச்சம் வேறு வேறு திசைகளிலிருந்து பக்கவாட்டில் வந்து விழும். சிற்பிகள் அந்த வெளிச்சத்தைக் கணக்கிட்டே பாறையை வெட்டியிருக்கிறார்கள் என்று நம்பத் தோன்றுகிறது. வாசலின் இடப்பக்கம் யோகத்தில் அமர்ந்த சிவன், வலப்பக்கம் ஆடும் சிவன்: இந்த இரண்டையும் பார்த்துவிட்டே உள்ளே நடக்க வேண்டும்.

தெற்குச் சுவரின் நடுவில் சுமார் 20 அடி உயரத்தில் சதாசிவம் இருக்கிறது. மூன்று முகங்கள் தெரியும். நடுமுகம் கண்மூடி மோனத்தில் இருக்கிறது. நமக்கு இடப்பக்கம் உள்ளது அகோர முகம். மீசையும் நெறித்த புருவமும் கையில் பாம்புமாகச் சினம் கொண்டது. வலப்பக்கம் உள்ளது வாமதேவ முகம். பெண்மையின் மென்மையோடு கையில் மலர் ஏந்தியது. மூன்று முகங்களையும் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகாமல், இடமிருந்து வலமாக மெதுவாக நடந்து பாருங்கள். நடக்க நடக்கச் சினம் மோனமாகவும் மோனம் கனிவாகவும் மாறுவதை உணரலாம். இடப்பக்கச் சிற்பத்தொகுதியில் அர்த்தநாரீசுவரர் ஒரு கையை நந்தியின் மீது ஊன்றிச் சாய்ந்து நிற்க, உமையின் பாகத்துக் கை கண்ணாடியை ஏந்தியிருக்கிறது. இடுப்பின் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருப்பதைக் கவனியுங்கள். வலப்பக்கம் கங்காதரர். மேற்குப் பக்கம் நான்கு வாசல்களோடு துவாரபாலகர்கள் காக்கும் லிங்கச் சன்னிதி இருக்கிறது. அதற்கு அப்பால் அந்தகாசுர வதமும் கல்யாணசுந்தரர் திருமணமும் உள்ளன. பல உருவங்களுக்குக் கால்களும் கைகளும் இன்று இல்லை. இருந்தும் முகங்கள் தப்பியிருப்பது நமது நற்பேறு.

இந்த ஒரு குகைக்கே ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். மற்ற குகைகள் முடிவுறாதவையோ சிதைந்தவையோதான்; விரைவாகக் கடந்துவிடலாம். இந்தத் தீவில் மக்கள் வாழும் ஊர் இருக்கிறது என்பதையும், கடலடி மின்கம்பி வழியாக முழு நேர மின்சாரம் அவர்களுக்கு 2018இல்தான் வந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். மாலைக் கடைசிப் படகுக்குக் காத்திராமல் 3 மணியளவில் திரும்புவது நல்லது.

இரண்டாம் நாள்: ஃபோர்ட் பகுதி, நடந்தே

ஃபோர்ட் என்று பெயர் இருந்தாலும் கோட்டை இல்லை. 1860களில் ஆளுநர் பார்ட்டில் ஃபிரியர் அதன் மதில்களை இடிக்கச் செய்தார். காரணம் மிகத் தொலைவில் இருந்தது: 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி அங்கிருந்து பருத்தி வருவது நின்றபோது, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின, மும்பைத் துறைமுகத்தில் பணம் கொட்டியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து பல வணிகர்கள் திவாலானார்கள். ஆனால் அந்தச் சில ஆண்டுகளின் செல்வம் விதைத்த திட்டங்கள் அடுத்த முப்பது ஆண்டுகளில் கட்டடங்களாக எழுந்தன. இன்று நீங்கள் பார்க்கப்போவது அவற்றைத்தான்.

காலையில் சிஎஸ்எம்டியின் எதிரே தொடங்குங்கள். எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து, 1878 முதல் பத்தாண்டு கட்டப்பட்ட இந்த நிலையம் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நுழைவாயில் தூண்கள் ஒன்றின் மேல் சிங்கமும் மற்றொன்றின் மேல் புலியும் படுத்திருக்கின்றன. சிங்கம் பிரிட்டனையும் புலி இந்தியாவையும் குறிக்கும். அண்ணாந்து பார்த்தால் கூரையோரங்களில் மழைநீர் வடியும் வாய்களாக விலங்குத் தலைகளும், தூண் முனைகளில் இலை, பறவை, குரங்கு வடிவங்களும் தெரியும். சர் ஜே. ஜே. கலைப்பள்ளி மாணவர்களின் கைவேலை அது. எதிரே நிற்கும் மாநகராட்சிக் கட்டடமும் ஸ்டீவன்ஸுடையதே. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நாற்சந்தியின் மூலையில் உள்ள பார்வை மேடைக்குப் போக வேண்டும்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் 1864இல் அமைத்த ஃப்ளோரா நீரூற்று, கிழக்கே திரும்பினால் 1718இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட புனித தாமஸ் பேராலயம், அதற்கு அப்பால் ஹார்னிமன் வட்டம், அதன் எதிரே 30 படிகளோடு வெள்ளை வெளேரென நிற்கும் ஏஷியாட்டிக் சொசைட்டியின் நகர மண்டபம். இந்த இடங்களில் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை. ஆனால் சற்றுக் கிழக்கே இருக்கும் பாலார்ட் எஸ்டேட்டை மட்டும் விட்டுவிட வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில், இப்போது இந்திரா துறை எனப்படும் அலெக்சாண்ட்ரா கப்பல்துறையைத் தோண்டியபோது கிடைத்த மண்ணைக் கடலில் கொட்டி உருவாக்கிய நிலம் அது. அங்கே கேட்வேயை வரைந்த விட்டெட்டே எல்லாக் கட்டடங்களையும் ஒரே உயரத்தில், ஒரே சீரில் அமைத்தார். மும்பையில் நிழலும் அமைதியும் ஒருசேரக் கிடைக்கும் தெருக்கள் குறைவு. இவை அவற்றில் சில.

பிற்பகலில் காலா கோடா பகுதிக்கு வந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் வஸ்து சங்கிரகாலயத்துக்குள் செல்லுங்கள். 1922இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்படுவதற்கு முன் போர்க்கால மருத்துவமனையாக இருந்த கட்டடம் இது. டாட்டா குடும்பத்தார் அளித்த தொகுப்புகளும் சிற்றோவியங்களும் சிறப்பானவை. நான் குறிப்பாகப் பார்க்கச் சொல்வது, சோபாராவில் 1882இல் கிடைத்த அசோகரின் எட்டாம் பாறைக் கல்வெட்டின் துண்டு. இன்று மும்பையின் வடபுறப் புறநகராகிவிட்ட நாலா சோபாராதான் அந்தப் பழைய சோபாரா. மும்பை பிறப்பதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் துறைமுகம் இருந்ததற்கு அந்தக் கல் சாட்சி. நான்காம் நாளில் அதன் தொடர்ச்சியைக் காணலாம்.

மாலை வெயில் சாயும்போது ஓவல் மைதானத்தின் நடுவில் நில்லுங்கள். கிழக்கே உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ராஜாபாய் கோபுரமும் கோதிக் பாணியில் வரிசையாக நிற்கின்றன. மேற்கே 1930களில் எழுந்த ஆர்ட் டெகோ எனப்படும், வளைந்த மூலைகளும் எளிய கோடுகளும் கொண்ட பாணியிலான குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இந்த இரு வரிசைகளுக்கும் சேர்த்தே 2018இல் யுனெஸ்கோ தகுதி கிடைத்தது. 1878இல் முடிந்த ராஜாபாய் கோபுரத்துக்குப் பணம் தந்தவர் பருத்தி வணிகத்தின் மன்னராக விளங்கிய பிரேம்சந்த் ராய்சந்த். பெயர் அவருடைய தாயாருடையது. சமண நெறிப்படி அந்தி சாயும் முன் உண்ண வேண்டிய பார்வையற்ற தாய்க்கு மணியோசை நேரம் சொன்னது என்று ஒரு கதை வழங்குகிறது.

மூன்றாம் நாள்: மீன் ஏலம், ஹார்பர் லைன், பைகுல்லா

இந்த நாள்தான் வழக்கமான சுற்றுலாத் திட்டங்களில் இல்லாதது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. விடியற்காலை 5 மணிக்கெல்லாம் கொலாபாவின் சாசூன் டாக்கில் இருக்க வேண்டும். 1875இல் சாசூன் குடும்பத்தார் பருத்தி வணிகத்துக்காகக் கட்டிய இது, மேற்கிந்தியாவின் முதல் நீர்த்தேக்கக் கப்பல்துறை; அதாவது, கடல் வற்றினாலும் உள்ளே நீர் குறையாமல் தேங்கியிருக்கும் துறை. இன்று நகரத்தின் பெரிய மீன் இறங்குதுறை. படகின் உள்ளறையிலிருந்து பனிக்கட்டியோடு மீனை அள்ளிக் கூடையில் நிரப்பி, கரையில் நிற்பவரை நோக்கி ஒருவர் எறிய, அவர் அதை நிற்காமல் பிடித்து அடுத்தவருக்குத் தள்ளுகிறார். தரையில் கொட்டியதும் சுற்றிலும் கோளி என்னும் மீனவச் சமூகத்துப் பெண்கள் குழுமி ஏலம் கேட்கிறார்கள். ஒன்பது கஜச் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டி, காதிலும் கழுத்திலும் தங்கத்தோடு நிற்கும் அவர்கள் தலையசைப்பிலேயே விலையை முடித்துவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி, தரையில் வட்டமாக உட்கார்ந்து இறால் உரிக்கும் பெண்களின் விரல்கள் பார்க்கும் நம் கண்ணைவிட வேகமாக ஓடுகின்றன. வஞ்சிரத்தை இங்கே சுர்மை என்றும், வவ்வால் மீனை பாப்லெட் என்றும் கேட்க வேண்டும்.

சில நடைமுறைகள் உண்டு. கால் நனையும் என்பதால் ரப்பர் செருப்பு அணியுங்கள். வெள்ளைத் துணி வேண்டாம். துறைமுக நிர்வாகத்துக்கு உட்பட்ட இடம் என்பதால் வாசலில் கேட்டுவிட்டே உள்ளே செல்லுங்கள். படம் எடுக்கத் தடை சொன்னால் மறுபேச்சு வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடை சுமந்து வருபவருக்கு வழி விடுங்கள். அவர்கள் நிற்க மாட்டார்கள், நிற்கவும் முடியாது. இந்த ஏழு தீவுகளின் ஆதிக்குடிகள் கோளி மக்கள்தான். ஆவணி அவிட்டம் வரும் அதே ஆவணிப் பௌர்ணமியில் நாரளி பூர்ணிமா அன்று கடலுக்குத் தேங்காய் அளித்து அவர்கள் மீன்பிடிப் பருவத்தைத் தொடங்குவதை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்.

அறைக்குத் திரும்பிக் குளித்துச் சாப்பிட்ட பின், 11 மணிக்கு மேல் சிஎஸ்எம்டியிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் ஏறி வலப்பக்கச் சன்னலருகே உட்காருங்கள். டாக்யார்ட் ரோடு, ரே ரோடு, காட்டன் கிரீன், சேவ்ரி என்று நிலையங்களின் பெயர்களே துறைமுகத்தின் வரலாற்றைச் சொல்லும். கிடங்குகள், துருப்பிடித்த தகரக் கூரைகள், பருத்திச் சந்தைக் கட்டடம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

சேவ்ரியில் நவம்பர் முதல் மே வரை சேற்றுத் திட்டுகளில் பூநாரைகள் கூடுகின்றன. கடல் முழுதும் வற்றியிருக்கும்போது அவை தொலைவில் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏறி வரும் நேரத்தில் கரையை ஒட்டி நெருங்கும். ஆகவே அன்றைய கடல் ஏற்ற நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுச் செல்லுங்கள். இங்கிருந்துதான் 2024 ஜனவரியில் திறந்த, 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது பாலம் துறைமுகத்தைக் கடந்து செல்கிறது. பறவைகளை அருகில் பார்க்க விரும்புபவர்கள் ஐரோலியில் வனத்துறையினரின் படகில் தாணே கழிமுகத்துக்குள் செல்வது மேல். அலையாத்திக் காடுகளுக்கு நடுவே போகும் அந்தப் பயணத்துக்கு முன்பதிவு வேண்டும்.

பிற்பகலில் பைகுல்லா. 1872இல் திறந்த டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் நகரத்தின் மிகப் பழைய அருங்காட்சியகம். தரையோடுகள், பொன்பூச்சு வேலைப்பாடுள்ள கூரை, வார்ப்பிரும்புத் தூண்கள் ஆகியவற்றோடு உள்ளரங்கமே ஒரு காட்சிப்பொருள். சீரமைப்புக்காகச் சில பகுதிகளை மூடுவது உண்டு என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியே தோட்டத்தில் ஒரு கல் யானை நிற்கிறது. போர்த்துகீசியர் எலிஃபண்டா என்று பெயரிடக் காரணமான யானை அதுதான். 1864இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து யானை துண்டு துண்டாக உடைந்தது. துண்டுகளை 1914இல் ஒட்டி நிறுத்தினார்கள். ஒட்டிய கோடுகளை இன்றும் உடலில் காணலாம்.

அருகிலேயே பைகுல்லா தீயணைப்புத் தலைமையகத்தில் இந்தத் துறைமுகத்தின் மிகக் கொடிய நாளுக்கான நினைவுச் சின்னம் உள்ளது. 1944 ஏப்ரல் 14 பிற்பகலில், வெடிமருந்து, பருத்தி, தங்கக் கட்டிகள் ஆகியவற்றை ஒன்றாக ஏற்றி வந்து விக்டோரியா துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பலில் தீப்பிடித்து இரண்டு பெருவெடிப்புகள் நிகழ்ந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், தீயை அணைக்கச் சென்றவர்களில் 66 பேர் திரும்பவில்லை. நாடு முழுதும் தீயணைப்புத் துறை ஏப்ரல் 14ஐ நினைவு நாளாகக் கொள்வது அவர்களுக்காகத்தான். கப்பல்துறைகளுக்குள் பொதுமக்கள் போக முடியாது என்பதால், துறைமுகத் தொழிலாளர்களையும் இந்த வீரர்களையும் நினைக்க நமக்குக் கிடைக்கும் இடம் இதுவே.

நான்காம் நாள்: கான்ஹேரி

மேற்கு ரயில் தடத்தில் போரிவலி நிலையத்தில் இறங்கினால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாசல் அருகில் உள்ளது. அங்கிருந்து குகைகள் சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே. பேருந்து உண்டு, வாடகை மிதிவண்டியும் கிடைக்கும். காலை வாசல் திறக்கும் நேரத்துக்கே சென்றுவிட்டால் வெயிலுக்கு முன் மேல்குகைகளை அடையலாம். இரண்டு லிட்டர் தண்ணீர் ஆளுக்கு அவசியம்.

நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் ஒரே மலையில் ஆயிரம் ஆண்டுக் காலத்துக்கு வெட்டப்பட்டிருக்கின்றன. சோபாரா, கல்யாண் ஆகிய துறைமுக நகரங்களின் வணிகர்கள் அளித்த கொடைகளைப் பிராமி எழுத்துக் கல்வெட்டுகள் பதிந்துவைத்திருக்கின்றன. கடல் வணிகத்தின் பணம்தான் இந்தத் துறவிகளின் மலையைச் செதுக்கியது. மூன்றாம் எண் குகையின் சைத்தியம் எனப்படும் வழிபாட்டு மண்டபமும், அதன் முகப்பில் இருபுறமும் நிற்கும் 20 அடிக்கு மேல் உயரமான புத்தர்களும், தொண்ணூறாம் குகையில் 11ஆம் நூற்றாண்டில் வந்துபோன பார்சிகள் பழைய பாரசீக மொழியான பஹ்லவியில் தங்கள் பெயர்களைப் பொறித்துச் சென்றிருப்பதும் காண வேண்டியவை. ஆனால் பலர் கவனிக்காமல் மிதித்துச் செல்லும் ஒன்றை நீங்கள் குனிந்து பாருங்கள்: பாறைச் சரிவெங்கும் விரலளவு, கையளவு வாய்க்கால்கள் வெட்டி, மழைநீரை ஒவ்வொரு குகை வாசலிலும் உள்ள தொட்டிக்குக் கொண்டுசேர்த்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அவை இன்றும் ஓடுகின்றன.

குகைகளில் ஆர்வம் குறைவு, கோட்டை பார்க்க வேண்டும் என்பவர்கள் அதே தடத்தில் மேலும் வடக்கே வசாய்க்குப் போகலாம். 1534 முதல் போர்த்துகீசியரிடம் இருந்து, அவர்களுடைய வடக்கு மாகாணத்தின் தலைமையிடமாக விளங்கி, 1739இல் சிமாஜி அப்பாவின் மராத்தியப் படையிடம் வீழ்ந்த நகரம் அது. கூரையிழந்த தேவாலயங்களுக்குள் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. வெற்றிச் சின்னமாக எடுத்துச் சென்ற அவற்றின் மணிகள் இன்று மகாராஷ்டிரக் கோயில்கள் சிலவற்றில் ஒலிக்கின்றன.

மேற்குக் கரைக்கு ஒரு மாலை, சாப்பாட்டுக்கு ஒரு மாட்டுங்கா

மேற்குக் கரையை ஒரே மாலையில் முடித்துவிடலாம். காந்தியடிகள் 1917 முதல் 1934 வரை மும்பை வரும்போதெல்லாம் தங்கிய மணி பவன், மலபார் மலையில் உள்ள பாணகங்கைக் குளம், பிறகு மரைன் டிரைவில் அந்தி. ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை கடல் ஏற்றத்தின்போது மூழ்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நம் ஊர் ருசியைத் தேடுபவர்கள் மாட்டுங்காவுக்குப் போக வேண்டும். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை தேடி வந்த தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதி அது. மல்லிகைச் சரமும் வாழை இலையும் புதிதாக அரைத்த காப்பித்தூளும் ஒரே தெருவில் கிடைக்கும். 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸில் காலை வரிசை நீளம். ரயில் நிலையத்தை ஒட்டிய, 1942இல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி போர்டிங்கில் இலைச் சாப்பாடு. ஃபோர்ட் பகுதியில் நடக்கும் நாளில் இரானி உணவகம் ஒன்றில் பன் மஸ்காவும் (வெண்ணெய் தடவிய பன்) தேநீரும், மங்களூர்க் கடலுணவுக் கடை ஒன்றில் காலை ஏலத்தில் பார்த்த அதே மீனும் சாப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

துறைமுகத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போங்கள். பாவுச்சா தக்கா என்னும் படகுத்துறையிலிருந்து வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் 2020 முதல் மாண்ட்வாவுக்கு ஓடுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். கேட்வேயிலிருந்து சிறு படகுகளும் உண்டு. மாண்ட்வாவிலிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ அலிபாக் அடைந்தால், சிவாஜியின் காலத்தில் எழுந்து மராத்தியக் கடற்படைத் தலைவர்களான ஆங்ரேக்களின் தளமாக விளங்கிய குலாபா கோட்டை கடலுக்குள் நிற்கும். கடல் வற்றியிருக்கும்போது நடந்தே போகலாம். ஏறத் தொடங்கிவிட்டால் படகுதான். வற்றும் நேரத்தை அங்கே கடையில் கேட்டு, அதற்கேற்பக் காலைக் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். திரும்பும் சீட்டையும் போகும்போதே எடுத்துவிடுங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் மாண்ட்வாவில் இடம் கிடைப்பது அரிது.